கோதுமைக் கணக்கு

சர்க்கரை ஆலையில் அரவை ஓடும் மாதங்களில் கச்சிராயபாளையத்து டீக்கடைகளில் பெஞ்சு காலியாக இருக்காது. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். தங்கள் முறை வரும்வரை ஓட்டுநர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காலனிப் பக்கமிருந்து ஒலிபெருக்கியில் ஜெபப் பாட்டு வந்தது. வேட்டியை மடித்துக் கட்டியிருந்த ஒருவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "கோதுமைக்கும் பால்பவுடருக்கும் போன கூட்டம். இப்ப பாரு, பாட்டு வேற!" பெஞ்சே சிரித்தது.

நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான். நான் கிறிஸ்தவன் இல்லை. மாரியம்மன் திருவிழாவுக்கு வரி கொடுக்கிற வீடு எங்களுடையது. வேதம் படித்தவனும் இல்லை, காதில் விழுந்ததை மனசில் வைத்துக்கொண்டவன். ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாக்கியம் பொய் என்று எனக்கு இப்போது தெரியும்.

டீக்கடை நகைச்சுவைதானே என்று இதை விட்டுவிட முடியாது. இதே கருத்து சட்டை மாற்றிக்கொண்டு எல்லா இடத்திலும் உலவுகிறது. படித்தவர்கள் வாயில் 'ஆசை காட்டி மதமாற்றம்' என்று வரும். இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் 'அரிசிக் கிறிஸ்தவர்கள்' என்பார்கள். எனக்கு அதிகம் உறுத்துவது மூன்றாவது வகை. நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருக்கும் சில வீடுகளில், காபி கொடுத்துக்கொண்டே, "அவங்கள்லாம் பஞ்சத்துல வந்தவங்க" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான். தாழ்த்தப்பட்டவனுக்கு வயிறு மட்டும்தான் உண்டு, மனசு கிடையாது. அவனுக்குச் சோறு தெரியும், சொல் தெரியாது.

முதலில் அந்தக் கோதுமையையே எடுத்துக்கொள்வோம். அதைத் தின்றது யார்?

நான் தின்றேன். அந்தக் காலத்தில் பள்ளிக்கூட மதிய உணவுக்கு அமெரிக்கக் 'கேர்' அமைப்பு அனுப்பிய தானியமும் பால்பவுடரும் வரும். பவுடரைத் தண்ணீரில் கரைக்கும் முன்னால் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொள்வோம். மேலண்ணத்தில் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். நாக்கால் நெம்பி நெம்பி எடுக்க அரைமணி ஆகும். கவுண்டர் வீட்டுப் பையன், உடையார் வீட்டுப் பையன், காலனிப் பையன் என்று எல்லாருடைய அண்ணத்திலும் அதே பால்பவுடர்தான். கைகுலுக்கும் இரண்டு கைகள் அச்சிட்ட எண்ணெய் டின் காலியானதும் யார் வீட்டுக்கு எடுத்துப் போவது என்று வாத்தியார்களுக்குள்ளேயே போட்டி நடக்கும். ரேஷன் கடைக் கதை இன்னும் பெரிது. 1966இல் மட்டும் இந்தியா இறக்குமதி செய்த தானியம் ஏறத்தாழ ஒரு கோடி டன். பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. அதைத் தின்றவனெல்லாம் மதம் மாறுவான் என்றால் அந்த வருஷமே பாராளுமன்றத்தில் பாதிப்பேர் ஞானஸ்நானம் வாங்கியிருக்க வேண்டும். நம் வாயில் போனால் அது உணவுதவி, அவன் வாயில் போனால் மட்டும் அது மதத்தின் விலையா?

பஞ்சத்தில் வந்தார்கள் என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பாட்டிமார் கதையில் கேட்டிருப்பீர்கள். ஒங்கோலில் இருந்த ஜான் கிளவ் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி, பக்கிங்காம் கால்வாய் வெட்டும் வேலையில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, பட்டினி கிடந்தவர்களுக்குக் கூலி கொடுத்தார். ஞானஸ்நானம் கேட்டு ஆயிரக்கணக்கில் வந்தவர்களை நிவாரணம் நடந்துகொண்டிருந்த காலமெல்லாம், பதினைந்து மாதம், சேர்க்கவே மாட்டேன் என்று திருப்பி அனுப்பினார். சோற்றுக்கு வந்தார்கள் என்ற பேச்சு வரக் கூடாது என்பதுதான் காரணம். கூலியும் கஞ்சியும் நின்ற பிறகும் அவர்கள் வந்தார்கள். 1878 ஜூலை 3ஆம் தேதி ஒரே நாளில் 2,222 பேர் ஆற்றில் இறங்கினார்கள். அந்த இயக்கத்தைத் தொடங்கியது வெள்ளைக்காரரும் இல்லை. பஞ்சத்துக்குப் பத்து வருஷம் முந்தி, 1866இலேயே, எர்ரகுண்ட்ல பெரியய்யா என்ற, தாழ்த்தப்பட்ட மாதிகர் சாதிக்காரர் தானே தேடிப்போய் ஞானஸ்நானம் வாங்கி, தன் ஆட்களிடம் வந்து பேச ஆரம்பித்துவிட்டார்.

தெற்கேயும் அதே கதைதான். மயிலாடியைச் சேர்ந்த சாம்பவரான மகாராசன் சிதம்பரம் யாத்திரை போனவர். நந்தனை நெருப்பு வழியாக உள்ளே அழைத்த ஊர் அது. மகாராசன் அந்த யாத்திரையில் தஞ்சாவூர் மிஷனரியைப் பார்த்து, வேதமாணிக்கம் என்று பெயர் பெற்று, எங்கள் ஊருக்கு ஒரு போதகரை அனுப்புங்கள் என்று கேட்டார். அப்படி வந்த போதகர் ரிங்கல்தௌபே மயிலாடியில் கால் வைத்தது 1806இல். தூண்டில் போட்டு மீன் பிடித்தார்கள் என்கிறோமே, இங்கே மீன் அல்லவா கரையேறி வந்து தூண்டில்காரனைக் கூட்டிப் போயிருக்கிறது!

இனி இலாப நஷ்டக் கணக்குக்கு வருவோம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கு வட்டிக் கணக்கு நன்றாகத் தெரியும் என்பதால் அவருக்கு இது எளிதில் புரியும்.

1950 ஆகஸ்டில் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்துவாக இருப்பவரே பட்டியல் சாதியினர் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. ஆகவே காலனியில் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றதை வெளியே சொன்னால், தமிழ்நாட்டில் அவர் எஸ்.சி. பட்டியலிலிருந்து பி.சி. பட்டியலுக்குப் போகிறார். 18 சதவீத இடஒதுக்கீடு போய்விடும். தனித்தொகுதியில் நிற்க முடியாது. கள்ளக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியே தனித்தொகுதிதான். யாராவது சாதி சொல்லி அடித்தால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் துணையும் இல்லை. அடிப்பவன் மட்டும் சான்றிதழ் பார்த்து அடிப்பதில்லை.

சென்னையில் நடைபாதையில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவரின் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். செருப்புத் தைக்கும் ஆதிதிராவிடர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அவருக்கு மட்டும் கிடைக்கவில்லை, அவர் கிறிஸ்தவர். உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்று காட்ட ஆதாரம் போதாது என்று 1985இல் மனு தள்ளுபடியானது. அதே ஊசி, அதே வாரு, அதே வெயில். இலாபத்துக்கு மதம் மாறுகிற ஆளாக இருந்தால் சூசை என்ன செய்திருப்பார்? பெயரைச் சுப்பன் என்று மாற்றிக்கொண்டு பெட்டிக்கடையை வாங்கியிருப்பார். அவர் சூசையாகவே நீதிமன்றம் போனார்.

இன்னொன்றையும் யோசியுங்கள். கச்சிராயபாளையத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் கல்வராயன் மலை. மேலே இருக்கும் மலையாளிகள் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். பழங்குடிப் பட்டியலுக்கு மத நிபந்தனை எதுவும் கிடையாது. மலையில் ஒருவர் கிறிஸ்தவரானால் அவர் எஸ்.டி. சான்றிதழ் அப்படியே இருக்கும். அடிவாரத்துக் காலனியில் ஒருவர் கிறிஸ்தவரானால் எஸ்.சி. சான்றிதழ் போய்விடும். இலாபம்தான் காரணம் என்றால் சிலுவைகள் மலைமேல்தான் நெருங்கி முளைத்திருக்க வேண்டும், அடிவாரத்தில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருப்பதோ தலைகீழாக. நஷ்டம் எங்கே அதிகமோ அங்கேதான் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்கள்.

"பேர் ஒண்ணு, சான்றிதழ் ஒண்ணுன்னு ரெட்டை வேஷம் போடறாங்களே" என்பார்கள் உடனே. சிலர் போடுகிறார்கள், உண்மைதான். பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், சபையில் ஒரு பெயர். கும்பிடுகிற சாமியைச் சொன்னால் பிள்ளையின் படிப்பு போய்விடும் என்று அரசாங்கமே எழுதி வைத்துவிட்டு, அவனை ஏன் ஒளிக்கிறாய் என்று கேட்பது என்ன நியாயம்? ஒன்று கவனியுங்கள். ஒளிந்துகொண்டாவது போகிறான். இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுக்கு யாரும் இந்தப் பாடு படுவதில்லை.

அப்படியென்றால் எதற்காகப் போனார்கள்?

எங்கள் வயலுக்கு நடவுக்கு வரும் ஒரு அம்மா இருந்தார். இப்போது 'அம்மா' என்று எழுதுகிறேன். பத்து வயசில் நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். "இங்க வா", "அந்தக் கட்ட எடு", "தள்ளிப் போ". அவருக்கு என் பாட்டி வயது. அவர் என்னைச் 'சின்னய்யா' என்பார். இதில் எதுவும் தப்பாக இருப்பதாக எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை, எனக்கும்தான். வெளியூரில் வேலை பார்த்து, தலை நரைத்துத் திரும்பி வந்த பிறகு ஒருநாள், கோமுகி வாய்க்கால் மேட்டில் அவரோடு உட்கார்ந்து பேசும்போது கேட்டேன், ஏன் சபைக்குப் போனீர்கள் என்று. அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

"ஒண்ணுமில்ல சாமி. பக்கத்து வூட்டுப் பொண்ணு கூப்புடுதேன்னு வாசல்ல போயி நின்னேன். அந்தப் போதகரு, 'வாங்கம்மா, உள்ள வாங்க, உக்காருங்க'ன்னாரு. நான் திரும்பிப் பின்னால பாத்தேன். யாரைச் சொல்றாருன்னு."

அவ்வளவுதான் அவருடைய மனமாற்றக் கதை. நாற்பது வயது வரைக்கும் தன்னை யாரும் 'வாங்க' என்று சொல்லாததால், அந்தச் சொல் தனக்குத்தான் என்று அவருக்கு உடனே தெரியவில்லை.

தமிழில் சாதி குடியிருப்பது தெருவில் மட்டும் இல்லை, வினைமுற்றிலும்தான். வா, வாங்க, வாடா, வாடி என்று ஒரு வாயைத் திறந்தாலே எதிரில் நிற்பவர் யார் என்று தெரிந்துவிடும். இந்த மொழிக்குள் நற்செய்தி நூல் வந்தபோது விசித்திரமான ஒன்று நடந்தது. சுமை சுமந்து சோர்ந்தவர்களை இயேசு அழைக்கும் இடத்தில் மூலத்தில் இருப்பது வெறும் பன்மை, பலரைக் கூப்பிடுகிறார், அவ்வளவுதான். தமிழில் அது 'வாருங்கள்' ஆயிற்று. நமக்குப் பன்மையும் மரியாதையும் ஒரே விகுதி. மொழிபெயர்த்தவர் நினைத்தாரோ இல்லையோ, சேற்றில் நின்று நாற்று நடுகிற பெண்ணின் காதில் கடவுள் தன்னை மரியாதையாகக் கூப்பிடுவதாக விழுந்தது. அவர் அதை நம்பினார். கோதுமையை எந்தத் தட்டில் வைத்து இதற்கு ஈடு நிறுப்பீர்கள்?

சோறு கேவலம் என்கிற எண்ணத்தையும் நான் ஒத்துக்கொள்வதாக இல்லை. லூக்கா எழுதிய நூலில் ஒரு விருந்துக் கதை வருகிறது. அழைக்கப்பட்ட பெரிய மனிதர்கள் வரவில்லை. ஒருவர் நிலம் வாங்கியிருக்கிறார், ஒருவர் ஐந்து ஏர் மாடு வாங்கியிருக்கிறார், இன்னொருவருக்குப் புதுக் கல்யாணம். நம் ஊர்க்காரர்களே சொல்வது போலவே இருக்கும் சாக்குகள். கோபம் வந்த வீட்டுக்காரர் தெருவிலும் சந்திலும் கிடந்த ஏழைகளையும் ஊனமுற்றவர்களையும் கூட்டிவந்து பந்தியில் உட்கார வைக்கிறார். அந்தக் கதையின்படி சோற்றுக்கு வந்தவர்கள்தான் சரியான விருந்தாளிகள். யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதையே வேலியாகக் கட்டி வாழும் ஒரு நாட்டில், ஒரே பந்தியில் இலை போடுவதைவிடப் பெரிய போதனை வேறென்ன இருக்கிறது? 1867இல் வடலூரில் வள்ளலார் தருமசாலையில் அடுப்பு மூட்டினார். இன்றுவரை அணையவில்லை. அங்கே சாப்பிட்டவரை யாராவது 'அரிசிச் சன்மார்க்கி' என்று கேலி செய்ததுண்டா? நம் வீட்டுச் சோறு என்றால் தருமம், அடுத்த வீட்டுச் சோறு என்றால் தூண்டில்.

அந்த விருந்துக்காரர் யாருடைய தகுதியையும் விசாரிக்கவில்லை என்பதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது, தலைக்குப் பத்து லட்சம் என்று அரசு அறிவித்தது. இதே பெஞ்சில்தான் கேட்டார்கள், "குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்குப் பத்து லட்சம்?" மூட்டை தூக்குகிறவர், கூலிக்குப் போகிறவர், உடம்பு வலிக்கு மலிவாக என்ன கிடைத்ததோ அதைக் குடித்தவர். அவரைச் சுடுகாட்டு வாசலிலும் நிறுத்தித் தகுதி கேட்டோம். இயேசுவையே போஜனப்பிரியன், குடிகாரன் என்று அவர் காலத்துப் பெரிய மனிதர்கள் ஏசியதாக நற்செய்தி நூல்களே எழுதி வைத்திருக்கின்றன, அவர் உட்கார்ந்த பந்தி அப்படிப்பட்டது.

இப்போது பெஞ்சுக்காரர் கடைசி அஸ்திரத்தை எடுப்பார். "அங்க மட்டும் சாதி இல்லியா? எறையூர்ல என்ன நடந்துச்சு?"

நடந்தது. மறைக்க ஒன்றுமில்லை. உளுந்தூர்பேட்டைக்குப் பக்கம், இன்றைக்கு நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள் இருக்கும் எறையூர் பழைய கத்தோலிக்க ஊர். வன்னியக் கிறிஸ்தவர்கள் பெரும்பான்மை. தலித் கிறிஸ்தவர்களுக்குக் கல்லறை தனியாக இருந்தது. கோயிலுக்குப் போகும் முக்கியத் தெருவில் அவர்கள் வீட்டுச் சவ ஊர்வலம் போக முடியாமல் இருந்தது. அவர்கள் சகாய மாதாவுக்குத் தனிக் கோயில் எழுப்பி, எங்களைத் தனிப் பங்காக அறிவியுங்கள் என்று கேட்டார்கள். அந்தக் கோரிக்கை முற்றி 2008 மார்ச் 9ஆம் தேதி கலவரமானது. தலித்துகளின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் வன்னியக் கிறிஸ்தவர் இரண்டு பேர் இறந்தார்கள். அது தவக்காலத்து ஐந்தாம் ஞாயிறு. அந்த ஞாயிறுக்கு அந்த ஆண்டு குறித்திருந்த வாசகம், பெத்தானியாவில் செத்து நாலு நாளான லாசரைக் கல்லறையிலிருந்து இயேசு எழுப்பிய கதை. எறையூரில் சண்டையே எந்தப் பிணம் எந்தத் தெருவில் போகலாம், எந்தக் கல்லறையில் கிடக்கலாம் என்பதைப் பற்றி.

ஆனால் இது எந்தக் கட்சிக்குச் சாட்சி? பெஞ்சுக்காரர் இதைத் தன் பக்கத்துச் சாட்சி என்று நினைக்கிறார். நான் அவரிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொள்கிறேன். சோற்றுக்கு வந்தவன் சோறு நின்றால் போய்விடுவான். பாதை கேட்டு வருஷக்கணக்கில் மல்லுக்கு நிற்க மாட்டான். செத்த பிறகு உடம்பு எந்தத் தெரு வழியாகப் போகும் என்பதில் அவனுக்கு என்ன இலாபம்? எறையூர் தலித்துகள் அந்த 'வாருங்கள்' என்ற சொல்லைப் பிரசங்கம் செய்தவர்களைவிட அழுத்தமாக நம்பினார்கள். நம்பியதனால்தான் வாசலில் நின்று சண்டை போட்டார்கள். வீட்டுக்காரரே அழைத்திருக்கிறார், நடுவில் நிற்க நீ யார் என்பதுதான் அவர்கள் கேள்வி.

அந்தக் கேள்வி இந்தப் பக்கத்தில் பழையதும்கூட. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லைப்சிக் லுத்தரன் மிஷனின் தலைவர் கார்ல் கிரால், சாதி சமூக வழக்கம், அதில் சபை அவசரப்பட்டுக் கை வைக்க வேண்டாம் என்ற கட்சி. அவர் மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ் அதை ஏற்கவில்லை. ஒரே கிண்ணத்தில் குடிக்க மாட்டேன் என்பவனுக்கு நற்கருணை எதற்கு என்ற வழக்கில் மிஷனை விட்டே வெளியேறினார். கடலூருக்குப் பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு நிலையம் தொடங்கினார். 1860களில் டென்மார்க் மிஷன் சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அதன் வழி வந்ததுதான் தென்னார்க்காட்டில் வேர்விட்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை. ஓக்ஸ் தன் நிலையத்துக்கு வைத்த பெயர் பெத்தானியா, லாசரின் ஊர்.

'பஞ்சத்துல வந்தவங்க' என்று காபியோடு சொல்லும் பழைய கிறிஸ்தவ வீடுகளுக்கு இதைவிட நான் என்ன சொல்ல? உங்கள் சபையில் பந்தி பிரித்தவர்கள் உங்கள் தாத்தாக்கள். பந்தியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டவர்கள் கடைசியில் வந்தவர்கள். 2003இல் தமிழக ஆயர்கள் ரோமுக்குப் போனபோது இரண்டாம் ஜான் பால் போப்பாண்டவர் அவர்களிடம் தலித்துகளை ஒதுக்கி வைக்கக் கூடாது என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. ரோம் வரைக்கும் போய்க் கேட்டு வரவேண்டிய சங்கதியா அது? கோமுகி வாய்க்கால் மேட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த கிழவிக்குத் தெரிந்திருந்தது.

காசு பிடுங்கும் போதகர்கள் இல்லையா, எண்ணெய் தடவினால் புற்றுநோய் போகும் என்று ஏமாற்றுகிறவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். அவர்களைப் பிடித்துப் போலீசில் கொடுங்கள், நானும் கூட வருகிறேன். அவர்களைக் காட்டி இந்த அம்மாவைப் பொய்யாக்க வேண்டாம்.

அவர் போன வருஷம் இறந்துபோனார். எங்கள் தெரு வழியாகப் போயிருந்தால் கல்லறைக்குப் பத்து நிமிஷம். வாய்க்கால் கரையைச் சுற்றித்தான் தூக்கிப் போனார்கள். சுற்றிப் போகச் சொல்லி யாரும் தடுக்கவில்லை, இந்தப் பக்கம் வாங்க என்று யாரும் கூப்பிடவும் இல்லை, நானும் கூப்பிடவில்லை.

அமெரிக்கக் கோதுமை நின்று ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிறது. காலனியில் அந்தத் தகரக் கொட்டகையில் இந்த ஞாயிற்றுக்கிழமையும் ஒன்பது மணிக்குப் பாய் விரிப்பார்கள்.